கூரை விளக்கு அழகுக்கா, அடையாளத்துக்கா?



இருட்டில் எதிரே வரும் வண்டியின் உருவம் எவருக்கும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் இரண்டு முகப்பு விளக்குகள் மட்டும்தான். வருவது சிறிய காரா, அகலமான கனவுந்தா என்பதை அந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகள் சொல்லிவிடாது. ஆனால் அவற்றுக்கு மேலே, ஓட்டுநர் அமரும் கேபினின் கூரையில், ஐந்து சிறிய செம்மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தால் செய்தி உடனே புரிந்துவிடும். 'வருவது பெரிய வண்டி, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்' என்று அவை சொல்லாமல் சொல்கின்றன.

பிக்கப் வண்டிகளின் கூரையில் பொருத்தப்படும் இந்த ஐந்து விளக்குகளே இன்றைய உரையின் பொருள். இவை அமெரிக்கச் சாலைகளில் பிறந்தவை. அங்கே இவை சட்டமாகவும் இருக்கின்றன, நாகரிகமாகவும் இருக்கின்றன. சட்டத்துக்காகப் பொருத்துகிறவர்கள் ஒருபுறம். பார்ப்பதற்கு மிடுக்காக இருக்கிறது என்பதற்காகவே பொருத்துகிறவர்கள் மறுபுறம். அழகுக்காகப் பொருத்துவது தவறா என்று கேட்டால், தவறு இல்லை. ஆனால் அந்த விளக்கு எதற்காகப் பிறந்தது என்று தெரியாமல் பொருத்தினால், அது அழகாகவும் இருக்காது, பாதுகாப்பாகவும் இருக்காது.

80 அங்குலக் கணக்கு

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஒன்று வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கனவுந்துகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு, மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆணையம் 1995ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய கனவுந்து ஓட்டுநர்களின் வாயில் இந்த விளக்குகளுக்கு 'ஐசிசி விளக்கு' என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐசிசி என்பது அந்த ஆணையத்தின் சுருக்கப் பெயர்.

இப்போது நடைமுறையில் உள்ளது, கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரவிதி எண் 108. அது 1968ஆம் ஆண்டு முதல் அகலமான வண்டிகளுக்கு நடப்புக்கு வந்தது. வண்டியின் அகலம் 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், கூடுதல் விளக்குகள் கட்டாயம் வேண்டும். அகலத்தை அளக்கும்போது பக்கக் கண்ணாடிகளையும் சேற்றுத் தடுப்புகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஐந்து விளக்குகளும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. இரண்டு ஓரங்களிலும் இருப்பவை அகலம் காட்டும் விளக்குகள். அவை முடிந்த அளவு வெளி ஓரத்தில் இருக்க வேண்டும். நடுவில் கூட்டமாக இருக்கும் மூன்றும் அடையாள விளக்குகள். அவற்றின் மையங்களுக்கு இடையே 6 அங்குலத்துக்குக் குறையாமலும் 12 அங்குலத்துக்கு மேற்படாமலும் இடைவெளி வேண்டும். முன்பக்கம் செம்மஞ்சள், பின்பக்கம் சிவப்பு. எல்லாமே நிலையாக எரிய வேண்டும், மின்னக் கூடாது.

நிறத்திலும் பொருள் இருக்கிறது. செம்மஞ்சளைக் கண்டால் வண்டியின் முன்பக்கம், சிவப்பைக் கண்டால் பின்பக்கம். அது தன்னை நோக்கி வருகிறதா, தனக்கு முன்னே போய்க்கொண்டிருக்கிறதா என்பதை எதிரில் உள்ளவர் நிறத்தைக் கொண்டே தெரிந்துகொள்கிறார்.

பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் கொண்ட பெரிய பிக்கப் வண்டிகள் 80 அங்குலத்தை எளிதில் தாண்டிவிடும். அவற்றின் கேபினை விடப் பின் சக்கர மூடிகள் வெளியே பிதுங்கி நிற்கும். அதனால் அந்த மூடிகளிலும் தனியாகச் சிறு விளக்குகள் உண்டு. கூரை விளக்கு கேபினின் அகலத்தைச் சொல்கிறது; மூடி விளக்கு வண்டியின் உண்மையான அகலத்தைச் சொல்கிறது.

2009ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஃபோர்ட் எஃப் 150 ராப்டர் வண்டியைக் கூர்ந்து பார்த்தவர்கள், அதன் முன்பக்கக் கம்பி வலைக்குள் மூன்று சிறு செம்மஞ்சள் விளக்குகள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த வண்டி 80 அங்குலத்துக்கும் அதிக அகலம் கொண்டது என்பதே உண்மைக் காரணம். கூரையில் இருக்க வேண்டிய அடையாளம் முகத்துக்கு இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காரணம் தெரியாமல், அகலம் குறைந்த வண்டிகளிலும் அதேபோல மூன்று விளக்கு வாங்கிப் பொருத்துவது இன்று ஒரு மோகமாகிவிட்டது.

துளை போடுமுன்

தொழிற்சாலையில் கூரை விளக்கு இல்லாமல் வந்த வண்டிக்குப் பிறகு பொருத்துவதுதான் பெரிய வேலை. பல வகை விளக்குகளில், ஒன்றுக்கு இரண்டு திருகுத் துளையும் ஒரு வயர்த் துளையும் தேவைப்படும். ஐந்து விளக்குக்குப் பதினைந்து துளைகள். ஓட்டை இல்லாத கூரையில் பதினைந்து ஓட்டைகள் போடுவதென்றால், மழைக்குப் பதினைந்து வாசல் திறந்து வைப்பதாகவே அர்த்தம். அந்த வாசல்களை எப்படி அடைப்பது என்பதை யோசித்துவிட்டுத்தான் துளைக்கும் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் விளக்கைத் தேர்ந்தெடுப்பது. கூரை நடுவில் தட்டையாகவும் ஓரங்களில் சரிந்தும் இருக்கும். அந்தந்த வண்டிக்கென்று வார்க்கப்பட்ட விளக்கின் அடிப்பாகம் அந்தச் சரிவோடு பொருந்தி உட்காரும். எல்லா வண்டிக்கும் பொது என்று மலிவாக விற்கப்படும் தட்டையான விளக்கு, ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கும். ரப்பர் விரிப்பு அந்த இடைவெளியை மூடாது. நீர் கசியும் இடம் பெரும்பாலும் அதுவே.

அடுத்தது அளவு. கூரையின் நடுக்கோட்டைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு பக்கக் கதவு விளிம்புகளிலிருந்தும் அளந்து நடுவைக் குறிக்க வேண்டும். சாயத்தின் மீது ஒட்டுக் காகிதத்தை ஒட்டி, அதன் மேல் குறியிட்டால் கீறல் விழாது. ஐந்தையும் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பது நல்லது. அரை அங்குலம் கோணினாலும் தூரத்தில் இருந்து பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. கேபினின் உட்கூரை விரிப்பை இறக்காமல் மேலிருந்து துளைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். முன் கண்ணாடிக்கு மேலே குறுக்குச் சட்டம் இருக்கும். திறக்கும் கூரை உள்ள வண்டியில் அதன் நீர் வடியும் குழாய்கள் இருக்கும். இவற்றில் துளை விழுந்தால் விளக்குக்காக வண்டியையே கெடுத்ததாகிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது காற்றுப்பை. இன்றைய வண்டிகள் பலவற்றில் கூரையின் பக்க ஓரங்களில், விரிப்புக்குப் பின்னால், திரை போல விரியும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விரிப்பைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தப் பையை இயக்கும் மின்சாரம் சற்று நேரம் சேமிப்பில் இருக்கும். கூரையிலிருந்து கீழே இறங்கும் வயர், காற்றுப்பையின் குறுக்கே போகாமல் அதற்குப் பின்னால் போக வேண்டும். விபத்து நேரத்தில் விரிய வேண்டிய பையை ஒரு வயர் இழுத்துப் பிடித்தால், அலங்காரத்துக்காக வைத்த விளக்கே உயிருக்கு வினையாகிவிடும். இந்தப் பகுதியில் அனுபவம் இல்லாதவர்கள் நல்ல பட்டறையிடம் வேலையை விட்டுவிடுவதே அறிவுடைமை.

துருவும் நீரும்

துளைக்கும்போது முதலில் சிறிய முனையால் துளைத்து, பிறகு படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் முனை வழுக்கிச் சாயத்தைக் கிழித்துவிடும். தெறித்து விழும் இரும்புத் துகள்களை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அவை கூரையில் தங்கினால் சில நாளில் துருப் புள்ளிகளாகத் தலைகாட்டும்.

துளையின் விளிம்பில் சாயம் போய் வெறும் உலோகம் தெரியும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். அந்த விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, அடிப்பூச்சும் சாயமும் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே விளக்கைப் பொருத்த வேண்டும். ரப்பர் விரிப்போடு சிலிக்கனும் பூசுவது நல்லது. ஆனால் புளித்த காடி வாசனை அடிக்கும் சிலிக்கன் வேண்டாம். அது காயும்போது வெளியிடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். அமிலம் வெளியிடாத வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

அலுமினிய உடல் கொண்ட வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஃபோர்ட் எஃப் 150 வண்டி 2015ஆம் ஆண்டு மாதிரி முதல் அலுமினியக் கலவை உடலோடு வருகிறது. அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அங்கே எஃகுத் திருகுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு தடுப்பு அவசியம்.

விளக்குகளைப் பொருத்தி, சிலிக்கனும் காய்ந்த பிறகு, உட்கூரை விரிப்பை மாட்டுமுன் கூரை மீது ரப்பர் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாதவர்களுக்கு, விரிப்பில் படரும் கறையும் பூஞ்சை வாடையும்தான் செய்தி சொல்லும்.

மின்சாரக் கணக்கு எளிது. 194 என்ற எண்ணுள்ள பழைய வகைச் சிறு பல்பு ஒன்று ஏறத்தாழ 0.27 ஆம்பியர் எடுக்கும். ஐந்துக்கும் சேர்த்து ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. எல்இடி என்றால் அதைவிடவும் குறைவு. ஆயினும் பியூஸ் இல்லாமல் இணைக்கக் கூடாது. அந்தப் பியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். நிறுத்த விளக்கு எரியும்போது இவையும் சேர்ந்து எரிய வேண்டும். விளக்கு வயர்களைக் கணினி கண்காணிக்கும் புதிய வண்டிகளில், கண்ட இடத்தில் வயரைச் சுரண்டி இணைத்தால் எச்சரிக்கைக் குறி எரியலாம், விளக்கு துடிக்கலாம். கூடுதல் கருவிகளுக்கென்று தயாரிப்பாளர் ஒதுக்கிய இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். கூரையில் ஏற்றுவதற்கு முன்பே ஐந்தையும் தரையில் வைத்து எரியவிட்டுப் பார்த்தால், பிறகு கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

விளக்கு பொய் சொல்லக் கூடாது

வேலை நேர்த்தி ஒருபுறம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய கேள்வி, அந்த விளக்கு பிறருக்கு என்ன சொல்கிறது என்பது. ஓரத்தில் இருக்க வேண்டிய விளக்கை அழகுக்காக உள்ளே தள்ளி வைத்தால், எதிரில் வருபவர் வண்டியை உள்ளதைவிட ஒடுக்கமாக நினைப்பார். ஒடுங்கிய பாலத்தில் அந்த ஓரடித் தவறே மோதலுக்குப் போதும். முன்பக்கம் சிவப்பு விளக்கு வைத்தால், வருகிற வண்டி போகிற வண்டியாகத் தோன்றும்.

கூரையில் நீளமாகப் பொருத்தும் காட்டுப்பாதை வெளிச்சப் பட்டையையும் இந்தச் சிறு விளக்குகளையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர். பட்டை, ஓட்டுநர் பார்ப்பதற்காக. சிறு விளக்கு, ஓட்டுநரைப் பிறர் பார்ப்பதற்காக. முன்னதைப் பொதுச் சாலையில் எரியவிட்டால் எதிரில் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கண் கூசி, சில விநாடிகளுக்கு அவருக்குச் சாலையே மறைந்துவிடும். பின்னது மங்கலாக எரிந்தாலும் தன் கடமையைச் செய்துவிடும்.

மலேசியச் சாலைகளில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் அகலம் ஏறத்தாழ 1.85 மீட்டர்தான். அமெரிக்க விதிப்படி பார்த்தாலும் அவற்றுக்கு இந்த ஐந்து விளக்குகள் தேவையில்லை. அமெரிக்காவில் செல்லுபடியாவது இங்கும் செல்லுபடியாகும் என்றும் இல்லை. ஆகவே ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், கூரையைத் துளைத்த பிறகு அல்ல, துளைக்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் விவரம் கேட்டுக்கொள்வது நல்லது. கேள்வி கேட்கச் செலவு இல்லை. துளைத்த கூரையை மீண்டும் அடைப்பதற்குத்தான் செலவு.

நேயர்களே, வண்டி ஒருவருடையது. கூரையும் அவருடையது. ஆனால் அதில் எரியும் விளக்கை அதிகம் பார்ப்பவர் அவர் அல்ல. எதிரே வருகிறவர், பின்னால் வருகிறவர், சாலை ஓரம் நடந்து போகிறவர். தன் வண்டியில் தானே பார்க்க முடியாத ஒரு விளக்கைப் பிறருக்காக எரிய வைப்பதுதான் இந்த ஐந்து விளக்குகளின் அடிப்படை. அந்த எண்ணத்தோடு பொருத்தினால் அழகும் தானாக வந்து சேரும்.