செம்மண்ணில் கத்தரித் தோட்டம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கரக்பூரில் நாங்கள் ஐந்து குடும்பத்தினர் கூடி நடத்திவரும் காய்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். காரியாலயத்தில் கணக்கெழுதிப் பழகிய கைகள் எங்களுடையவை. ஆதலின் வரவை மட்டும் படித்துச் செலவை மறைக்க எங்களுக்கு இயலாது.

2018ஆம் ஆண்டு வைகாசியில் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, ஊர்ப்புறத்தே கிணற்றோடு கூடிய 12 கட்டா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். நம் கணக்கில் ஏறக்குறைய 20 சென்ட். இவ்வூர் மண்ணை நீங்கள் அறிவீர்கள். செம்பூராங்கற் சரளை கலந்தது, வெயிலில் செங்கல்லாய் இறுகுவது. எருவும் கடுகுப் பிண்ணாக்கும் இட்டு 300 கத்தரி நாற்று நட்டோம். நீர் பாய்ச்ச, ரெயில்வே வழக்கப்படியே, வாரத்திற்கு ஒருவர் என்று முறை வகுத்தோம்.

புரட்டாசியில் செடிகள் பூத்தன. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு செடிகள் தலை தொங்கி நின்றன. இலையின் பசுமை மாறவில்லை. வெந்நீர் ஊற்றியது போல் துவண்டிருந்தன. நீர் போதவில்லை என்று முடிவு கட்டி இருவேளையும் இறைத்தோம். பத்து நாளில் 220 செடிகள் மடிந்தன.

அப்போது நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல இன்றும் நாணமாயிருக்கிறது. அந்த வாரத்து முறைக்காரரான நண்பரைப் பார்த்து, நீர் பாய்ச்சாமல் உறங்கிவிட்டீர் என்றோம். அவர் மறுமொழி கூறாமல் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். பின்னர்த் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. காரியாலயத்திலும் எங்களோடு உண்பதை நிறுத்திவிட்டார்.

உண்மையை உணர்த்தியவர் கோல்பஜாரில் காய் விற்கும் வங்காள மூதாட்டி. அவரை நாங்கள் மாசி என்றே அழைப்போம். வாடிய தண்டை அடியில் அறுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள் என்றார். அவ்வாறே செய்தோம். சில நிமிடத்தில் அறுத்த வாயிலிருந்து பால் போன்ற இழை மெல்ல நீரில் இறங்கிற்று. மண்ணில் வாழும் கிருமி வேர்வழி ஏறி நீரோட்டத்தை அடைத்து உண்டாக்கும் வாடல் நோய் அது. தண்ணீர்க் குறைவன்று, நாங்கள் மிகுதியாய் இறைத்ததே அதனைச் செடிக்குச் செடி பரப்பியது!

அன்றிரவே நால்வரும் நண்பர் இல்லம் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினோம். அவர் பேசாதிருந்தார். அவருடைய தாயார்தாம், “வேலியோரம் நான் வைத்த சுண்டைச் செடி வாடிற்றா, தம்பி?” என்று வினவினார். வாடவில்லை! வற்றலுக்காக அவ்வம்மையார் ஊரிலிருந்து கொணர்ந்த விதையில் வந்தவை, செத்த கத்தரியின் அருகிலேயே செழித்து நின்றன.

அடுத்த வாரம் வேளாண் அலுவலர் ஒருவரைக் கண்டு கேட்டோம். சுண்டையின் வேர் இந்நோயைத் தாங்கும், அதன்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டலாம் என்றார். சுண்டை விதை முளைக்க நாளாகும். ஆகையால் கத்தரிக்குச் சில வாரம் முன்னரே விதைத்தல் வேண்டும். சுண்டை நாற்றின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, ஆப்புப் போல் செதுக்கிய கத்தரித் தளிரைச் செருகிக் கட்டி, ஒரு வாரம் நிழலில் மூடி வைக்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் சுண்டைத் தளிரைக் கிள்ளாவிடில் அதுவே செடியை ஆண்டுவிடும்.

முதலில் கட்டிய 40 ஒட்டில் 29 பட்டுப்போயின. மீண்டும் கட்டினோம். இம்முறை கத்தியைப் பிடித்தவர் எங்கள் நண்பர். அழைக்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அமர்ந்தார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. 40க்கு 31 பிழைத்தன.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். மண்ணின் புளிப்பு நீங்கச் சுண்ணாம்பு இட்டோம். நோய்ப்பட்ட பாத்தியில் தக்காளியும் மிளகாயும் வையாமல் வெண்டையும் கீரையும் போட்டோம். 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் புடலைப் பந்தலைத் தரையோடு சாய்த்தது. போட்ட பணம் 2022இல்தான் முழுதும் திரும்பிற்று. எங்கள் உழைப்புக்குக் கூலி எழுதினால் கணக்கு இன்னும் பற்றிலேயே நிற்கும்; ஆகவே அந்தப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

மாசி எங்கள் கத்தரியைத் தம் கடையில் முன்வரிசையில் வைக்கிறார். இன்றிரவு விருந்தில் நீங்கள் உண்ணவிருக்கும் வற்றற் குழம்பு, அந்த வேலிச் சுண்டையினுடையது. நண்பரின் தாயாரே உப்பிட்டு உலர்த்தியது.