பிளவுஸ் தைக்காத புடவைகள்

ஆடி பிறந்துவிட்டது. சென்னை ரங்கநாதன் தெருவில் இனி கால் வைக்க இடமிருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது. விவசாய வீடுகளில் கையிலிருக்கும் காசு விதைப்புக்குப் போய்விடும். துணிக்கடைக்கு ஆள் வராத மாதம் அது. அந்த மாதத்தில்தான் தள்ளுபடி வைத்து நம்மை வரவழைக்கிறார்கள். நானும் பல வருஷம் போனவள்தான்.

போன வருஷம் ஆடிக்கு முந்தின வாரம், பீரோவில் இருந்த புடவை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் போட்டேன். எண்ணினால் 87. அதில் 31 புடவைக்கு பிளவுஸே தைக்கவில்லை. சிலவற்றில் விலைச்சீட்டு கூட அப்படியே இருந்தது. வெகுநேரம் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றும் எப்போது வாங்கியது என்று யோசித்தால், விசேஷம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வேலையில் மனசு நொந்த ஒரு சாயங்காலம். தூக்கம் வராத ஒரு ராத்திரி, வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரே பீஸ்தான் இருக்கு’ என்று வந்த படம். உடுத்த வேண்டும் என்று வாங்கியிருந்தால் மறுநாளே தையற்காரரிடம் போயிருப்பேன் அல்லவா? எனக்கு வேண்டியிருந்தது வாங்கும் அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான்.

பிள்ளைகளின் டி-ஷர்ட்டுகளும் அப்படித்தான் குவிந்திருந்தன. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி வளர்வதிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறார்கள். சாயத்தின் கதை வேறு. திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு விவசாயியின் கிணற்றைக் காவு வாங்கிய சாயம், உடுத்தாத துணியாக என் வீட்டில் மடிந்து கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் பாதியைத் தானம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முன்பு ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். பீரோவில் இடம் காலியானதும் மூன்றே மாதத்தில் நிரப்பிவிட்டேன். அதனால் இந்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு: இருக்கிற புடவைக்கெல்லாம் பிளவுஸ் தைத்து உடுத்தும் வரை புதுப்புடவை இல்லை. லைனிங் வைத்துத் தைக்கும் கூலியைக் கொடுக்கும்போதுதான் ஒரு புடவையின் உண்மையான விலை உறைக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். மனசு கேட்காமல் ஏதாவது பிடித்துப்போனால் அடுத்த அமாவாசை வரை பொறுப்பேன். பெரும்பாலும் அதற்குள் நிறமே மறந்துவிடுகிறது.

‘எல்லாரும் இப்படி இருந்தால் நெசவாளி என்ன செய்வார்?’ என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் என் 87-ல் கைத்தறி வெறும் ஆறு. ஐந்து சிந்தெடிக் புடவைக்குக் கொடுத்த காசில் நல்ல நெகமம் கைத்தறிப் பருத்திப் புடவை ஒன்று வாங்கியிருந்தால், அந்தத் தறிக்காரருக்குக் கூலி போய்ச் சேர்ந்திருக்கும். இனி வாங்கும் நாள் வந்தால் அப்படித்தான் வாங்குவேன்.

முப்பத்தொன்றில் இப்போது பாக்கி ஒன்பது. ஐந்து வருஷம் முன்பு வாங்கிய மாம்பழ நிறப் புடவைக்கு நேற்றுதான் பிளவுஸ் தைத்து வந்தது. இந்த ஒலிப்பதிவுக்கு அதைத்தான் உடுத்தி வந்திருக்கிறேன்.