பாடம் நடத்தாத ஆசிரியரை என்ன செய்வது?
(அணுசக்தி நகர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்புக்கு வந்தும் பாடம் நடத்தாத ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறோம். நியாயமே! மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியை விட்டால் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறு கதி ஏது?

ஆனால், விசாரணையற்ற பணிநீக்கம் யாருக்குப் பயன்? 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியர்களைத் தமிழக அரசு ஒரே வீச்சில் நீக்கியது. தண்டிக்கப்பட்டது சோம்பல் அல்ல, போராட்டம்!

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நமக்கு வழி காட்டுகிறது. நேரத்துக்கு வருவதும் பாடத்தை முடிப்பதும் ஆசிரியர் கடமை. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. அதற்குமுன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அங்கே செல்வோம், தேதியோடு எழுதிக் கொடுப்போம், விசாரணை கேட்போம்!

பிள்ளையின் படிப்பும் தொழிலாளியின் உரிமையும் நமக்கு இரு கண்கள்!