மண்டையோடும் மமதையும்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு மண்டையோட்டின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கற்றறிந்த பேராசிரியர்களை 41 ஆண்டுகள் ஏய்த்த மண்டையோடு அது!

1912-ஆம் ஆண்டு, டிசம்பர் 18. இலண்டன் மாநகரிலே நிலவியல் கழகத்தின் கூட்டம். சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞரும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுத் தலைவர் ஆர்தர் ஸ்மித் உட்வர்டும் சில எலும்புத் துண்டுகளை அவையின் முன் வைக்கின்றனர். சசெக்ஸ் வட்டாரத்திலே, பில்ட்டவுன் என்ற சிற்றூரின் சரளைக் குழியிலே கிடைத்தவை என்கின்றனர். மண்டை மனிதனைப் போல. தாடை குரங்கைப் போல. குரங்கினத்துக்கும் மனிதனுக்கும் இடையே காணாமற்போன கண்ணி கண்டெடுக்கப்பட்டது என்று களிப்பு பொங்கிற்று!

களிப்புக்குக் காரணம் உண்டு, தோழர்களே! ஜெர்மனியிலே தொன்மாந்தனின் எலும்பு கிடைத்துவிட்டது, பிரான்சிலே கிடைத்துவிட்டது. சூரியன் மறையாத சாம்ராஜ்யத்துக்கு மட்டும் தொன்மாந்தன் இல்லையா? இருந்தான் என்றது பில்ட்டவுன். அதுவும் எப்படிப்பட்டவன்? தாடை திருந்தாதபோதே மூளை பெருத்தவன்! மனிதனை மனிதனாக்கியது மூளைதான், அந்த மூளை முதலில் வளர்ந்தது எங்கள் மண்ணில்தான் என்று எண்ணி மகிழ அதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தாடை வேறு, அந்த மண்டை வேறு என்று டேவிட் வாட்டர்ஸ்டன் என்ற உடற்கூற்றியல் அறிஞர் 1913-லேயே எழுதினார். செவி சாய்த்தவர் சிலரே. 1914-லே அதே இடத்தில் யானை எலும்பில் செதுக்கிய கருவி ஒன்று கிடைத்தது. பார்ப்பதற்குக் கிரிக்கெட் மட்டை போலவே இருந்தது! நகைத்திருக்க வேண்டிய இடத்திலே நம்பினார்கள். 1938-லே நினைவுக்கல் நாட்டினார்கள். ‘முதல் ஆங்கிலேயன்’ என்ற பொருள்படும் தலைப்போடு உட்வர்ட் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1948-லே வெளிவந்தது.

இனி, காட்சி மாறுகிறது. தென்னாப்பிரிக்கா, ஆண்டு 1924. டாவுங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே வெடி வைத்துப் பிளந்த பாறையில் ஒரு குழந்தையின் முகம்! பால் பல் விழாத பருவம். ரேமண்ட் டார்ட் என்ற இளம் பேராசிரியர் அதை ஆராய்ந்தார். மூளை சிறியது, ஆயினும், முதுகுத்தண்டு மண்டையோடு சேரும் துளை பின்புறம் இல்லை, அடிப்புறம் இருந்தது. அப்படியானால் இது நிமிர்ந்து நடந்த உயிர் என்று 1925 பிப்ரவரியிலே அறிவித்தார்.

ஏற்றார்களா? ஏளனம் செய்தார்கள்! வெறும் குரங்குக் குட்டி என்றார் ஆர்தர் கீத். பில்ட்டவுன் நினைவுக்கல்லைத் திறந்துவைத்தவரும் இவரே. போலிக்குப் பொன்னாடை, உண்மைக்கு வாயிற்படியிலே காவல்! டார்ட் கூறியதே சரி என்று கீத் ஒப்புக்கொண்டது 1947-லே.

1953 நவம்பரிலே குட்டு வெளிப்பட்டது. ஓக்லி, லெ கிராஸ் கிளார்க், வீனர் ஆகிய மூவர் உண்மையை உரைத்தனர். மண்ணில் கிடக்கும் எலும்பு நாளாக நாளாக புளோரினை ஈர்க்கும். அந்த அளவு, பில்ட்டவுன் எலும்பு பழமையானதன்று என்று காட்டிக்கொடுத்தது. மண்டை மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது! பல்லை அரத்தால் தேய்த்திருந்தார்கள். எலும்புக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். 2016-லே வெளியான ஆய்வு, கைவேலை டாசனுடையதாகவே இருக்க வேண்டும் என்கிறது.

எலும்பு பொய் சொல்லவில்லை, தோழர்களே! பொய்யைப் புதைத்தவன் ஒருவன். அதைப் போற்றி வளர்த்தது மமதை. அரம் பட்ட தடம் அந்தப் பல்லிலே முதல் நாளே இருந்தது. பார்க்க விரும்பவில்லை, பார்க்கவில்லை!

அந்த மமதை நம் நாட்டுக்கும் அளவுகோலோடு வந்தது. மூக்கின் அகலத்தை அளந்து, அகலம் குறையக் குறையச் சாதி உயரும் என்றார், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி. பிறப்பால் உயர்வு பேசுவோருக்கு அது இனித்தது. இந்தக் கணக்கு பல மாகாணங்களிலே பொருந்தவில்லை என்று 1932-லே குர்யே என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார்.

இன்று அறிவியல் கூறுவதென்ன? 1974-லே எத்தியோப்பியாவில் கிடைத்த ‘லூசி’ 32 லட்சம் ஆண்டு மூத்தவள்; மூளை சிறிது, நடையோ நிமிர்ந்த நடை. கால்கள் நிமிர்ந்தன, மூளை பின்னர் பெருத்தது. நம் இனம் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலே தோன்றியது. இருவரை எங்கிருந்து அழைத்துவந்து ஒப்பிட்டாலும் மரபணு எழுத்துகளில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே! இதில் மேல்பிறப்பு எங்கே? கீழ்பிறப்பு எங்கே?

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால், அந்த அரத்தின் தடத்தை நம் பக்கமும் தேட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலே கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என 2011-லே ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவற்றைச் செய்தவன் தமிழன் என்று எவரேனும் மேடையேறி முழங்கினால், அவர் நம் கட்சிக்காரராகவே இருப்பினும் கைதட்டாதீர்கள்! அன்று தமிழும் இல்லை. எந்த மொழிக்காரனும் இல்லை. நம் இனமே தோன்றவில்லை. தமிழின் தொன்மைக்குத் தக்க சான்றுகள் உண்டு. பில்ட்டவுன் நமக்குத் தேவையில்லை.

பகைவன் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. நம்மைப் புகழும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்கே துணிவு வேண்டும். அந்தத் துணிவை இந்தப் படிப்பகம் வளர்க்கட்டும்!