கூலி பெற்ற புகழுரை



இணையத்தில் ஒருவர் ஒரு பொருளைப் புகழ்கின்றார். அதற்குக் கூலியும் பெறுகின்றார். பெற்றேன் என்று அவர் சொல்ல வேண்டுமென்பதில் நம்முள் ஐயமுடையார் இலர். எவ்வளவு பெற்றாரென்றும் சொல்ல வேண்டுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

2021 ஜூன் மாதத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியாற் புகழ்பெற்ற கிம் கர்தாஷியன் அம்மையார், ஈதிரியம் மாக்ஸ் என்னும் கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டகிராமில் எழுதினார். அங்கே அவரைப் பின்தொடர்ந்தோர் இருபது கோடிக்கு மேற்பட்டோர். நம் இலங்கையின் சனத்தொகை அதிற் பத்திலொரு பங்களவே! அவ்வொரு பதிவுக்கு அவர் பெற்றது 250,000 டொலர். பதிவின் அடியில் ‘விளம்பரம்’ என்று பொருள்படும் குறிச்சொல்லும் இருக்கத்தான் செய்தது. எனினும், பெற்ற தொகையை வெளியிடவில்லை என்று அந்நாட்டுப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு அவர்மீது குற்றஞ்சாட்டியது. 2022 ஒக்டோபரில், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், கூலியை வட்டியோடு திருப்பி, அதன்மேல் பத்து இலட்சம் டொலர் தண்டமும் இறுக்க அவர் இணங்கினார்.

அவரைப் பிடித்த சட்டமோ 1933ஆம் ஆண்டினது. பணம் வாங்கிக்கொண்டு கம்பனிப் பங்குகளைப் புகழ்ந்தெழுதிய பத்திரிகையாளர் செய்தி 1932இல் அமெரிக்க செனற் சபை விசாரணையில் அம்பலமாயிற்று. அதன்பின் எழுந்த அச்சட்டம், பெற்றதையும் பெற்ற அளவையும் ஒருங்கே கூறுக என்கின்றது. இணையத்தைக் கனவிலுங் காணாதோர் வகுத்த விதி இது!

சவர்க்காரம், சப்பாத்து முதலிய பொருள்களுக்கு விதி வேறு. அங்கே சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு கேட்பது தொடர்பை மட்டுமே: பணமோ, இலவசப் பொருளோ, உறவோ, உத்தியோகமோ எதுவாயினும் வெளிப்படுத்த வேண்டும். அதனையும் குறிச்சொற் கூட்டத்துள் ஒளித்துவைத்தல் ஆகாது. தொகையை அது கேட்பதில்லை. சவர்க்காரத்தில் ஏமாந்தவன் அடுத்த கிழமை வேறொன்று வாங்கிக்கொள்வான் என்ற அளவில் இது பொருந்தும்.

மருந்தின் நிலை என்ன? குழந்தைக்கு ஊட்டும் சத்துமாவின் நிலை என்ன? இவற்றில் ஏமாந்தோர் இழப்பது அடுத்த கிழமை மீள்வதன்று. ‘ஒருவர் வருமானம் அவர் சொந்த விஷயம்’ என்பர் சிலர். தம் சொல்லை நம்பி வாங்குமாறு ஊரை அழைத்தவர்க்கு அவ்வாதம் பொருந்துமென்று நமக்குத் தோன்றவில்லை. ஒரு போத்தல் மாதிரிக்காகப் புகழ்ந்தவரையும் இரண்டரை இலட்சம் டொலருக்காகப் புகழ்ந்தவரையும் ஒரே ‘விளம்பரம்’ என்ற சொல் ஒருதரத்தினராக்கி விடுகின்றது. ஆதலால், உடலைத் தொடும் பொருள்களுக்கும் தொகை கூறும் விதி வேண்டுமென்பதே நம் கட்சி. மாற்றுக் கருத்துடைய பெரியோர் எழுந்து மறுக்கலாம், விடையிறுக்க ஆயத்தமாயிருக்கின்றோம்.