பெட்டி மேல ஒரே பெயர், உள்ளே வேற மருந்து

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். எம்-16 ரைபிளோட ஒரு தோட்டாவுக்குள்ள எவ்வளவு வெடிமருந்து இருக்கும்? இரண்டு கிராமுக்கும் குறைவு. அரை ஸ்பூன் சர்க்கரைன்னு வச்சுக்கோங்க. அந்த அரை ஸ்பூனை மாத்தினதுக்கு வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல தோட்டாவைப் பிரிச்சுப் பார்ப்போம். பித்தளை உறை, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. நாலே பொருள். இந்த மருந்து பட்டாசு மாதிரி டமார்னு வெடிக்காது. மிக வேகமா எரியும். எரியும்போது வர்ற வாயுதான் குண்டைத் தள்ளுது. எவ்வளவு வேகமா எரியணும் என்பதை மருந்துத் துகளோட வடிவமும் அதன் மேல்பூச்சும் தீர்மானிக்கின்றன.

வடிவத்தில் முக்கியமா இரண்டு வகை. ஒன்று, மாவு மாதிரி பிசைந்து, முறுக்கு பிழியற மாதிரி அச்சில் தள்ளி, பொடிப்பொடியா நறுக்குவது. இன்னொன்று, திரவத்துக்குள்ள கலக்கி ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக்குவது. இதுக்கு ஆங்கிலத்தில் ‘பால் பவுடர்’ன்னு பெயர்.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது ரொம்ப சாதாரணமான பொழுதுபோக்கு. ‘ஹேண்ட்லோடிங்’ என்பார்கள். சுட்டு முடிச்ச உறையை எடுத்து, புது பிரைமர், மருந்து, குண்டு வைத்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். (இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால யாரும் முயற்சி பண்ண வேண்டாம்!)

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு யோசனை தோணும். ‘ஃபேக்டரி தோட்டா நல்லா சுடுது. அதைப் பிரிச்சு, மருந்தை எடை போட்டு, கடையில் அதே மாதிரி பவுடர் வாங்கி, அதே அளவு போட்டா முடிஞ்சுது’ன்னு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அனுபவசாலிகள் எல்லாரும் முதல்ல தடுப்பது இதைத்தான்.

ஏன்? தொழிற்சாலை மருந்தை மொத்தமா வாங்குது. ஒவ்வொரு தொகுதியும் கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ எரியும். தொழிற்சாலைக்கு அது பிரச்சினை இல்லை. அழுத்தத்தை அளக்கிற சோதனைக் குழாய் அவர்களிடம் இருக்கு. சுட்டுப் பார்த்து, தொகுதிக்கு ஏத்த மாதிரி எடையைக் கூட்டிக் குறைப்பார்கள். கடையில் டப்பாவில் விற்கிற மருந்து வேற. அது எப்போ வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எரியணும்னு, வெவ்வேறு தொகுதிகளைக் கலந்து சரிபண்ணி விற்பது. ஏன்னா வீட்டில் இருப்பவரிடம் சோதனைக் குழாய் கிடையாது. அச்சிட்ட அட்டவணை மட்டும்தான்.

ஆக, நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, எடை ஒன்று. ஆனா எரியும் வேகம் வேற. அழுத்தம் எல்லை மீறினா துப்பாக்கியே பிளக்கலாம். ரைபிளை எப்படிப் பிடிச்சுச் சுடுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க: கன்னத்தோட ஒட்டி.

சரி, இதெல்லாம் தனி மனிதர் வீட்டில் பண்ற தப்பு. ஒரு ராணுவமே இதே தப்பைப் பண்ணினா?

எம்-16க்கு முன்னோடியான ஏஆர்-15 உருவானபோது அதில் பயன்பட்டது ட்யூபாண்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475. முறுக்கு வகை. ராணுவம் கேட்ட வேகத்தை, அழுத்தமும் எல்லைக்குள்ள இருக்கும்படி, பெருமளவு உற்பத்தியில் அந்த மருந்தால் கொடுக்க முடியவில்லை. அதனால 1964இல் ஓலின் நிறுவனத்தின் டபிள்யூசி 846 என்ற ஜவ்வரிசி வகையையும் ராணுவம் அனுமதித்தது. பெரிய 7.62 தோட்டாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து அது. வேகம் சரி, அழுத்தம் சரி. காகிதத்தில் எல்லாமே பாஸ்.

ஆனா இந்த ரைபிள், குழாயிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருப்பிவிட்டுத்தான் தன்னைத்தானே இயக்குது. புது மருந்தின் வாயு அந்த இடத்தில் அதிக அழுத்தத்தோட வந்தது. துப்பாக்கி, வடிவமைச்ச வேகத்தைத் தாண்டிச் சுட்டது. காலி உறை இறுக்கம் தளர்வதற்குள் கொக்கி அதை இழுக்கும். உறை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வேற கசடாகப் படிந்தது.

மருந்து மட்டுமே காரணம் இல்லை. தோட்டா உட்காரும் அறைக்கு குரோமியம் பூச்சு இல்லை, ஈரத்தில் அரித்தது. சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. இந்தத் துப்பாக்கியை அதிகம் சுத்தம் பண்ணத் தேவையில்லை என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. சண்டை நடுவில் சிக்கிய உறையைக் கம்பியால் குத்தி எடுக்க முயன்றபடியே செத்துக் கிடந்த வீரர்களைப் பற்றி, கூட இருந்தவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 1967இல் ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. புது மருந்தில் சுட்டா, துப்பாக்கி அனுமதித்த வேகத்தைத் தாண்டி, ஏற்புச் சோதனையில் தோற்கும்னு தயாரிப்பாளரான கோல்ட் நிறுவனம் சொன்னது. ராணுவம் என்ன பண்ணுச்சு? பழைய மருந்தில் சோதிக்க அனுமதி கொடுத்தது. தொழிற்சாலையில் பழைய மருந்தில் பாஸ் ஆன ரைபிளுக்கு, வியட்நாமில் போட்டது புது மருந்துத் தோட்டா.

பிறகு அறைக்குக் குரோமியம் பூச்சு வந்தது. வேகத்தைக் குறைக்கும் புது பாகம் வந்தது. காமிக்ஸ் மேதை வில் ஐஸ்னர் வரைந்த படக்கதைக் கையேடு வந்தது. ஜவ்வரிசி மருந்தோ போகவே இல்லை. கால்சியம் கார்பனேட்டைக் குறைத்து, டபிள்யூசி 844 என்ற பெயரில் தொடர்ந்தது. அதன் கடைவடிவம் ஹாட்ஜ்டன் எச்335 என்ற டப்பாவில் இன்னைக்கும் ஹேண்ட்லோடர்களுக்குக் கிடைக்குது.

அப்போ மருந்து கெட்டதில்லை. ஒன்றை மாத்திட்டு, அதோட சேர்ந்து இயங்குற மத்ததை எல்லாம் திரும்பச் சோதிக்காம விட்டதுதான் தப்பு. வீட்டு மேசையில் தோட்டா நிரப்புகிறவர் மருந்து டப்பாவை மாத்தினா, அட்டவணையில் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். ஏன்னா சுடப்போவது அவர்தான். வியட்நாமில் முடிவெடுத்தவர் ஒருத்தர், சுட்டவர் இன்னொருத்தர்.