செல்லப்பாவைப் பிடித்தவர்களுக்கு



1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்துச் செல்லப்பாவை நினைச்சாலே சிரிப்பு வருது, இல்லையா? அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லி நடுங்க வைப்பாரே, அந்த நாகேஷ்தான்!

அவரைப் பிடித்தவர்கள், 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ தருமியையும் பாருங்கள். ஆயிரம் பொற்காசுக்காகத் தனியே புலம்பும் அந்தப் புலவரின் வேடிக்கைக்குள் வறுமை இருக்கிறது.

அதைவிட நான் சிபாரிசு செய்வது 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’ மாடிப்படி மாதுவை. குடித்தனக்காரர் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கிற அனாதைப் பிள்ளை. செல்லப்பாவுக்குப் பணக்கார அப்பா இருந்தார்; மாதுவுக்குப் படிப்பை விட்டால் வேறென்ன இருந்தது?

பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் உங்க பிள்ளை மட்டும் சிரிக்காமல் இருந்தால், ஏன் என்று மெதுவாய்க் கேளுங்கள்.